குளிருக்குக் கீழே ஒரு கடைத்தெரு

உங்களில் பலரது வீட்டுக்கும் கனடாவிலிருந்து கிழமைக்கு ஒரு தடவையாவது தொலைபேசி அழைப்பு வரும். மகனோ, மச்சானோ, தங்கச்சியின் குடும்பமோ டொரன்டோவில் இருப்பார்கள். "குளிர் எப்படி?" என்று நாம் கேட்டால், "நாங்க நிலத்துக்குக் கீழாலதான் வேலைக்குப் போறோம், குளிர் தெரியாது" என்று சிலர் சொல்வார்கள். கேட்கும் உம்மாமார் ஏதோ எலிவளை போன்ற இருட்டான குகையை மனதில் கற்பனை செய்து கொண்டு கவலைப்படுவதை நான் கண்டிருக்கிறேன். அந்தக் கவலைக்கு ஒரு பதிலாகவும், அதில் மிச்சம் இருக்க வேண்டிய சிறு கவலைக்கு ஒரு விளக்கமாகவும் இதை எழுதுகிறேன்.

கண்டி சந்தைப் பக்கம் வீதியைக் கடக்க ஒரு நிலக்கீழ் நடைபாதை உண்டு. படியிறங்கி, நாலு எட்டு வைத்து, மறுபக்கம் ஏறிவிடுவோம். டொரன்டோவில் இருப்பது அப்படியான ஒன்றல்ல. நகரின் நடுப்பகுதியில் எழுபதுக்கும் மேற்பட்ட கட்டடங்களின் அடித்தளங்களை ஒன்றோடொன்று தொடுத்து, 30 கிலோமீற்றருக்கும் அதிகமாக நீளும் வலை அது. கொழும்பு கோட்டையிலிருந்து நிலத்துக்கு அடியால் நடக்கத் தொடங்கினால் பாணந்துறையைத் தாண்டிவிடலாம் என்று வைத்துக் கொள்ளுங்களேன். ஒரே நேர்கோடாக அல்ல, நகர மையத்துக்குள்ளேயே மடங்கி மடங்கி ஓடுகிறது. வழிநெடுக ஏறத்தாழ 1,200 கடைகளும் உணவகங்களும். உலகின் மிகப் பெரிய நிலக்கீழ்க் கடைத்தொகுதி என்று கின்னஸ் புத்தகம் இதைக் குறித்து வைத்திருக்கிறது. இதற்குப் பெயர் 'பாத்'. பாதை என்றே பொருள்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பெப்ரவரி மாதத்தில் ராத்தாவின் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது இதை நடந்து பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. அவள் அங்கே ஒரு காரியாலயத்தில் கணக்கு வேலை பார்க்கிறாள். யூனியன் புகையிரத நிலையத்தில் இறங்கினோம். வெளியே மூக்கு நுனி மரத்துப் போகும் குளிர். உள்ளே நுழைந்ததும் நான் கண்ட முதல் அதிசயம் விளக்குகளோ வழுவழுப்பான கல் தரையோ அல்ல, மனிதர்களின் உடைதான். பெப்ரவரியில், மேலங்கி இல்லாமல், மெல்லிய சட்டையோடும் பாவாடையோடும் காரியாலயப் பெண்கள் நடந்து போகிறார்கள். புகையிரதத்தால் இறங்கி, கீழாலேயே நடந்து, மின்தூக்கியில் ஏறி மேசைக்குப் போய்விடும் ஒருவருக்குக் குளிர்காலம் என்பது கண்ணாடிக்கு வெளியே தெரியும் ஒரு காட்சி மட்டும்தான்.

பல் வைத்தியர் இருக்கிறார், கண் வைத்தியர் இருக்கிறார், சப்பாத்து தைப்பவர், சட்டை வெட்டிக் குறைத்துத் தருபவர், பூக்கடை, மருந்துக்கடை எல்லாம் வரிசையாக. பகல் பன்னிரண்டு மணிக்கு உணவுக்கூடங்களில் நிற்க இடமில்லை. சோற்றுக்கும் கறிக்கும் பஞ்சமில்லை. ஹலாலா என்பதை மட்டும் கடைக்குக் கடை கேட்டுத்தான் வாங்க வேண்டும். தட்டுகளை எடுத்து மேசை துடைப்பவர்களின் முகத்தைப் பார்த்தால் நம் பக்கத்து முகங்களும் பிலிப்பைன்ஸ் முகங்களும் நிறையத் தெரிந்தன. மேலங்கி இல்லாமல் நடப்பவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இவர்களை ஏனோ எழுதுவதில்லை.

இது ஒரே நாளில் யாரோ திட்டம் போட்டுத் தோண்டியதல்ல. 1900ஆம் ஆண்டில் ஈட்டன் என்ற பெரிய துணிமணிக் கடைக்காரர்கள் தமது தலைமைக் கடையையும், மலிவு விலைச் சாமான் விற்ற துணைக் கட்டடத்தையும் ஒரு சுரங்கத்தால் இணைத்தார்கள். மழையிலும் பனியிலும் வாடிக்கையாளர் மறுகடைக்குப் போகாமல் திரும்பிவிடக் கூடாதென்ற வியாபாரக் கணக்கு. 1917 ஆகும்போது அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஐந்து சுரங்கங்கள் ஆகிவிட்டன. 1927இல் யூனியன் நிலையம் திறக்கப்பட்டது. அதற்கெதிரே 1929இல் ரோயல் யோர்க் ஹோட்டல் எழுந்தபோது, இரண்டுக்கும் நடுவே வீதிக்கு அடியால் வழி விட்டார்கள். 1954இல் நிலக்கீழ் புகையிரதம் ஓடத் தொடங்கியது.

ஆனால் இன்றைய வலையின் கதை 1960களில்தான் ஆரம்பம். வானளாவிய காரியாலயங்கள் எழும்பின, நடைபாதைகளோ பழைய அகலத்திலேயே கிடந்தன. மத்தியூ லோசன் என்ற நகரத் திட்டமிடல் தலைவர், "உங்கள் கோபுரத்துக்குக் கீழே கடை வையுங்கள், பக்கத்துக் கோபுரத்தோடு இணையுங்கள்" என்று கட்டடக்காரர்களை இணங்க வைத்தார். 1967இல் திறந்த டொரன்டோ டொமினியன் சென்டர் இவற்றுள் முக்கியமானது. அதை வரைந்த மீஸ் வான் டெர் ரோ என்ற ஜெர்மன் கட்டடக் கலைஞர் கொஞ்சம் பிடிவாதக்காரர். கீழ்த்தளக் கடைகளின் பெயர்ப்பலகைகள் எல்லாம் கறுப்பில் வெள்ளை எழுத்தாக, ஒரே மாதிரியாகத்தான் இருக்க வேண்டுமென்று விதித்தார். நமது புறக்கோட்டை வியாபாரிகளிடம் இப்படி ஒரு விதி போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துச் சிரிப்பு வந்தது.

இப்படித் துண்டுதுண்டாக வளர்ந்ததால்தான் அங்கே வழி பிடிபடுவது கடினம். ஒரு கட்டடத்தின் கீழ்த்தளம் மற்றதைவிட இரண்டு அடி தாழ்ந்திருக்கும். நாலு படி இறங்குவோம், பத்து எட்டில் சரிவொன்றில் ஏறுவோம். பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டு போகும் தாய்மாருக்கும், சக்கர நாற்காலியில் போவோருக்கும் இந்த நாலு படி பெரிய மலை. எங்கோ ஒரு மூலையில் உள்ள மின்தூக்கியைத் தேடி அலைய வேண்டும். தலைக்கு மேலே சூரியனும் இல்லை, கோபுர அடையாளமும் இல்லை. 1987இல் மாநகர சபை தலையிட்டு எல்லாவற்றுக்கும் ஒரே வழிகாட்டிப் பலகை முறையைக் கொண்டுவர முன்வந்தது. பாத் என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். ஆங்கிலத்தில் அதன் நாலு எழுத்துக்கும் நாலு நிறம், நாலு திசை: பீ சிவப்பு, தெற்கு. ஏ செம்மஞ்சள், மேற்கு. டீ நீலம், வடக்கு. எச் மஞ்சள், கிழக்கு. அழகான யோசனை. ஆனால் கட்டடக்காரர் ஒவ்வொருவருக்கும் தன் கட்டடத்தின் பெயர்தான் பெரிதாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை. பொதுப் பலகை சிறுத்து ஒதுங்கிப் போயிற்று. அங்கேயே பத்து வருடம் வேலை செய்பவர்களும் புதிய பக்கம் போனால் நின்று விழிக்கத்தான் செய்கிறார்கள்.

எனக்கு அந்த நிறங்கள் வேறொரு வகையில் பயன்பட்டன. இலங்கையில் நமக்குக் கிப்லா மேற்கே, சற்று வடக்குச் சாய்வாக. டொரன்டோவில் அது வடகிழக்கு. உருண்டைப் பூமியில் மக்காவுக்கு உள்ள மிகக் குறுகிய வழி அந்தப் பக்கமாகவே போகிறது. அந்நகரத்து வீதிகள் உண்மையான வடக்கிலிருந்து கொஞ்சம் மேற்காகத் திரும்பியிருப்பதால், பலகையின் நீலத்துக்கும் மஞ்சளுக்கும் நடுவில், மஞ்சளை நெருங்கி நின்றால் ஏறத்தாழச் சரி. நேரத்துக்குத்தான் கடிகாரத்தைத் தவிர வேறு வழி இல்லை. டிசம்பரில் அங்கே மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். கீழே இருப்பவருக்கு அஸர் போனதும் தெரியாது, மஃரிப் வந்ததும் தெரியாது. காலை இருட்டில் இறங்கி, மாலை இருட்டில் ஏறும் ஒருவர் கிழமை முழுவதும் பகல் வெளிச்சத்தைச் சரியாகக் காணாமலே இருந்துவிடலாம்.

சகோதரிகளே, மருமகளிடம் நான் கேட்ட ஒரு கேள்வியை நீங்களும் கேட்பீர்கள்: "தனியாக நடக்கப் பயமில்லையா?" அவள் சொன்னாள்: "பகல்ல கீழ, இரவுல மேல, மாமா. அதுதான் என்ட கணக்கு."

விளக்கம் இதுதான். பகலில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நடமாடும் வழி என்று கணக்குச் சொல்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் பயத்துக்கு இடமில்லை. ஆனால் மாலை ஆறு மணி கடந்தால் பெரும்பாலான கடைகள் கதவை இழுத்துவிடும். விளக்கு எரியும், தரை பளபளக்கும், ஆள் இருக்காது. தன் சப்பாத்துச் சத்தம் தனக்கே கேட்கும்போது, பின்னால் இன்னொரு சத்தம் கேட்டால் எப்படி இருக்கும்! அந்த நேரத்தில் குளிரைத் தாங்கிக் கொண்டு, பஸ்ஸும் காரும் ஓடும் வீதியால் போவதையே அவள் விரும்புகிறாள். காவலாளிகளும் கமராக்களும் இருக்கின்றன, உண்மைதான். என்றாலும் கமரா கூப்பிட்டால் ஓடி வராது.

இந்த இடத்தில் ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அம்மையாரை நினைவுகூர வேண்டும். நகரங்களைப் பற்றி 1961இல் புகழ்பெற்ற ஒரு நூலை எழுதியவர். 1968இல் டொரன்டோவில் குடியேறி 2006இல் மரணிக்கும் வரை அங்கேயே வாழ்ந்தார். வீதியைப் பாதுகாப்பது முதலில் பொலிஸ் அல்ல, வீட்டு ஜன்னலிலும் கடை வாசலிலும் இருக்கும் சாதாரண மனிதர்களின் கண்கள்தான் என்பது அவர் வாதம். நமது ஒழுங்கைகளில் வாழும் பெண்களுக்கு இதைப் புத்தகம் படித்துத் தெரிய வேண்டியதில்லை. யார் வீட்டுப் பிள்ளை எந்த நேரத்தில் யாருடன் போனது என்பது அஸருக்குள் ஊருக்கே தெரியும். சில சமயம் தேவைக்கு மேலேயே தெரியும், அது வேறு விடயம்! 1970களில் டொரன்டோ மாநகர சபைக்கு வந்த சீர்திருத்தக்காரர்கள் இந்த எண்ணத்தைப் பிடித்துக் கொண்டார்கள். எல்லோரையும் கீழே இழுத்தால் மேலே வீதி செத்துப் போகும் என்று சொல்லி, சுரங்கங்களுக்கு ஊக்கம் கொடுப்பதை நிறுத்தினார்கள். சுரங்கங்களோ நிற்கவில்லை. பாதையோடு சேராத கட்டடத்துக்கு வாடகைக்காரர் வரத் தயங்கும் நிலை உண்டாகிவிட்டிருந்தது.

இன்னொன்று என் மனதை உறுத்தியது. இந்தப் பாதையின் பெரும்பகுதி மாநகர சபைக்குச் சொந்தமில்லை. ஒவ்வொரு துண்டும் மேலே நிற்கும் கட்டடக்காரருக்குச் சொந்தம். ஷாபிஈ ஃபிக்ஹுக் கிதாபுகளில் பாதைகளை இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள். இருபுறமும் திறந்த பொது வழி. அதில் எல்லோருக்கும் உரிமை, நடப்பவருக்குத் தீங்கு வரும்படி எவரும் அதில் எதையும் நீட்டக் கூடாது. மற்றது ஒருபுறம் அடைத்த ஒழுங்கை. அது அதில் வாசல் வைத்திருக்கும் வீட்டாருக்குரியது. ஓதிக் கொடுத்து ஓதிக் கொடுத்து மனதில் நின்ற பாடம். இரண்டு இலட்சம் பேர் நடக்கும் இந்த வழியை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது? இருபுறமும் திறந்திருக்கிறது, ஆனால் வாசல்காரர் பூட்டலாம்.

இது ஏட்டுக் கேள்வியல்ல. ஒரு உணவுக்கூடத்தின் ஓரத்தில் பைகளோடு ஒரு முதியவர் உட்கார்ந்தபடியே தூங்கிக் கொண்டிருந்தார். காவலாளி வந்து, கடுமையாகவும் இல்லாமல் கனிவாகவும் இல்லாமல், அவர் தோளைத் தட்டி எழுப்பினார். முதியவர் பழக்கப்பட்டவர் போலப் பைகளை எடுத்துக் கொண்டு படியேறினார். மேலே பனி கொட்டிக் கொண்டிருந்தது. நானும் தேநீர்க் கோப்பையோடு அதே அளவு நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன். என்னை யாரும் எழுப்பவில்லை. கையில் கோப்பை இருப்பவன் வாடிக்கையாளன், பை இருப்பவன் அந்நியன். கடுங்குளிர் நாட்களில் மாநகர சபை சூடேற்றிய தங்குமிடங்களைத் திறக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது இந்த நிலக்கீழ் நகரம் காலியாயிற்று. காரியாலயக்காரர் வீட்டிலிருந்தே வேலை செய்ய, மதியச் சாப்பாட்டை நம்பிய சிறு கடைகள் பல ஒரேயடியாக மூடப்பட்டன. கூட்டம் பிறகு திரும்பியது, ஆனால் கிழமையின் நடு நாட்களில் வரும் கூட்டம் வெள்ளிக்கிழமையில் வருவதில்லை என்று அங்குள்ளோர் சொல்கிறார்கள்.

மகள் வீட்டுக்கோ மகன் வீட்டுக்கோ போக இருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். கிழமை நாளில், காலை பத்து மணிக்குப் பின் போங்கள். சனி ஞாயிறில் பல கடைகள் திறப்பதில்லை. கீழே வெப்பம் அதிகம், மேலங்கியைக் கழற்றிக் கையில் போட்டுக் கொள்ளுங்கள். கைத்தொலைபேசியின் வரைபடம் நிலத்துக்குக் கீழே தடுமாறும், ஆகவே நுழையும் கட்டடத்தின் பெயரை ஒரு துண்டில் எழுதி வையுங்கள். வடக்கே ஈட்டன் சென்டர் வரை நடந்துவிட்டால், அங்கிருந்து மேலேறி டன்டாஸ் வீதியால் மேற்கே கொஞ்ச தூரத்தில் மஸ்ஜித் டொரன்டோ இருக்கிறது. அந்தக் கொஞ்ச தூரம் மட்டும் பனியில்தான் நடக்க வேண்டும். கையுறையை மறக்காதீர்கள்.