சப்பாத்துக்குள் வேர்

ஆடி மழை இறங்கிவிட்டால் எங்கள் லயத்தில் யாரும் மெதுவாகப் பேச முடியாது. தகரக் கூரைமேல் கொட்டுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் சொல்வதே காதில் விழாது. அதனால் அம்மாயி கதை சொல்லத் தொடங்கினால் பிள்ளைகள் நாங்கள் நாலு பேரும் அடுப்படியில் அவளுடைய கம்பளிக்குள் தலையை நுழைத்துக்கொள்வோம். உள்ளே புகை வாசம், வெற்றிலை வாசம், ஈர ஆட்டு ரோமத்தின் வாசம். மழை ஓங்கினால் அவள் குரலும் ஓங்கும். மழை சட்டென்று விட்டால் அவளும் குரலைத் தணித்துவிடுவாள். அந்த இடத்தில்தான் எங்களுக்கு உயிர் போகும்.

1980களின் தொடக்கம் அது. இலங்கை மலையகத்துத் திம்புள்ளயில், பத்தனைக்குப் போகிற பாதையிலிருந்து உள்ளே இறங்குகிற ஒரு தேயிலைத் தோட்டம். லயத்தில் மின்சாரம் இல்லை, குப்பி லாம்புதான். பன்னிரண்டு காம்பராக்களில் மூன்று பூட்டிக் கிடந்தன. இந்தியாவுக்கு அனுப்புகிற ஒப்பந்தத்தில் பேர் வந்து, தலைமன்னார் போய்க் கப்பலேறிய குடும்பங்களுடையவை அவை. அந்தக் கதவுகளைத் தாண்டிப் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போவதே எனக்குப் பேய்க்கதை மாதிரிதான் இருக்கும்.

அம்மாயியிடம் பேய்களுக்குப் பஞ்சமில்லை. பீலிக்கரையில் தலைவிரித்து உட்கார்ந்திருக்கிற பிள்ளைத்தாய்ச்சி, நடுச்சாமத்தில் மலையில் தனியாகக் கொழுந்து எடுக்கிறவள், இஸ்டோருக்குள் ரோதையைச் சுற்றி நடக்கிற முனி. ஆனால் நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றைத்தான். மலை பழிவாங்கின கதை.

"அப்ப இங்கன தேயிலை ஏது புள்ள? எல்லாம் காடு. பட்டப்பகல்லயே வெளிச்சம் கீழ எறங்காது. யானை, மரை, புலி எல்லாம் அதுஅதுக்கு ஒரு பாதை வச்சிருந்துச்சு. தொர வந்தான். கோப்பி போடணும்னான். எப்பிடி வெட்டினாங்க தெரியுமா? ஒவ்வொரு மரமா வெட்டித் தள்ளல. கீழேருந்து ஆரம்பிச்சு எல்லா மரத்தையும் பாதி பாதி வெட்டி நிறுத்திக்கிட்டே மேல ஏறினாங்க. உச்சிக்குப் போயி, அங்கன நின்ன பெரிய மரத்த மட்டும் முழுசா வெட்டினாங்க. அது சாஞ்சு அடுத்ததுமேல விழ, அது அதுக்கு அடுத்ததுமேல விழ, மலை முச்சூடும் ஒரே மூச்சுல படுத்துருச்சு. அப்பத்தான் மலை கத்திச்சாம். ஒரே ஒரு தடவ. அதுக்கப்புறம் பேசவே இல்ல."

இந்த இடத்தில் அவள் வெற்றிலை எச்சிலைத் துப்ப எழுந்து போவாள். நாங்கள் மூச்சுவிடாமல் இருப்போம்.

அப்புறம் தீ வைத்தார்கள். சாம்பல் ஆறுமுன்னே கோப்பி நட்டார்கள். பங்களா எழும்பியது. ஒருநாள் காலை துரை தோட்டத்தைச் சுற்றி வரும்போது ஓர் இலையைத் திருப்பிப் பார்க்கிறார். அடியில் மஞ்சள் கலந்த காவிப் பொடி. விரலால் துடைக்கிறார், போகவில்லை. கழுவுகிறார், போகவில்லை. மறுநாள் அது அவர் படுக்கை விரிப்பில் இருக்கிறது. அடுத்த நாள் பாலில். மலையெல்லாம் இலை உதிர்ந்து கோப்பிச் செடிகள் குச்சி குச்சியாக நிற்கின்றன. இரவானால் துரைக்கு மட்டும் கோடரிச் சத்தம் கேட்கிறது, வெட்டுவதற்கு ஒரு மரம்கூட மிச்சமில்லாத மலையிலிருந்து. ஒரு ராத்திரி தாங்க முடியாமல் லாம்பை எடுத்துக்கொண்டு சத்தம் வந்த திசையில் ஏறிப் போனார்.

"விடிஞ்சு ஆளுங்க போயிப் பாத்தா, உச்சியில, அந்த மொத மரம் நின்ன எடத்துல, தொரையோட சப்பாத்து ரெண்டும் நிக்குது. ஆள் இல்ல. எடுக்கலாம்னு குனிஞ்சு இழுத்தா வரல. உள்ள பாத்தா வேரு. சப்பாத்துக்குள்ளேருந்து வேரு மண்ணுக்குள்ள எறங்கியிருக்கு."

எங்களில் யாருக்கும் சப்பாத்து கிடையாது. ஆனாலும் அந்த இரவுகளில் நான் கம்பளிக்குள் என் உள்ளங்காலைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே தூங்கியிருக்கிறேன்.

கதையை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாதபடி ஒரு காரியம் நடந்தது. எங்கள் காம்பராவுக்குப் பின்னால், தோட்டத்துண்டின் ஓரத்தில், இரண்டு கோப்பி மரங்கள் இருந்தன. வீட்டுக் கோப்பிக்காக அம்மாயியே நட்டவை. எட்டு வயதிருக்கும் எனக்கு. ஒரு மத்தியானம் யாரும் இல்லாத நேரம் அதில் ஓர் இலையைப் பிடித்துத் திருப்பினேன். மேல்பக்கம் வெளிறிய பொட்டுகள். கீழ்ப்பக்கம், ஒவ்வொரு பொட்டுக்கும் நேராக, ஆரஞ்சு நிறத்தில் வட்ட வட்டமாகப் பொடி. சுண்டு விரலால் தொட்டேன். குங்குமம்போல ஒட்டியது, ஆனால் அதைவிட இலேசு. ஊதினால் காற்றோடு போயிற்று. விரல் ரேகைக்குள் போனது மட்டும் போகவில்லை. பீலிக்கு ஓடி, மணலைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தோல் சிவந்துவிட்டது. அம்மாயியிடம் சொல்லவில்லை. இரண்டு மூன்று நாள் சோறும் சரியாகச் சாப்பிடவில்லை.

பல வருடம் கழித்துத்தான் அந்தப் பொடிக்குப் பெயர் தெரிந்தது. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்ற பூஞ்சணம். இலங்கையில் 1869இல் மடுல்சீமைப் பக்கம் முதலில் கண்டார்கள். திம்புள்ளப் பள்ளத்தாக்கின் காடு பெரும்பாலும் அழிந்தது 1860களிலும் 70களிலும்தான். அதாவது நோய் வந்த பிறகும் காட்டை வெட்டிக் கோப்பி நட்டுக்கொண்டே போயிருக்கிறார்கள். 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளரை அனுப்பி ஆராயச் சொன்னார்கள். பொடியைக் காற்று சுமக்கிறது என்றும், நடுவில் ஒரு துண்டுக் காடும் விடாமல் மலைக்கு மலை ஒரே செடியை நட்டதால் அதற்குத் தடையே இல்லாமல் போனது என்றும் அவர் கண்டார். அடுத்த பத்தாண்டுக்குள் கோப்பி அநேகமாக ஒழிந்தது. அதே சரிவுகளில் தேயிலை ஏறியது. மரங்களைப் பாதி வெட்டி நிறுத்தி, உச்சி மரத்தால் அத்தனையையும் சாய்க்கிற முறையைக்கூட அந்தக் காலத்துத் துரைமார் தாங்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அம்மாயிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அவளுடைய பாட்டி சொல்லி, அவள் அம்மா சொல்லி, பேயின் உடம்புக்குள் ஒளித்துவைத்து, நூறு வருடத்துக்கு முந்திய இலைப்பொடியின் நிறத்தைக்கூட மாறாமல் என்னிடம் கொண்டுவந்து சேர்த்திருக்கிறாள். அதை நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு மேல் சிலிர்க்கிறது.

பாடசாலையிலிருந்து ஒருமுறை நுவரெலியாவுக்குக் கூட்டிப் போனார்கள். கோல்ஃப் மைதானத்துப் பக்கம் பழைய வெள்ளைக்காரர் கல்லறைகள் இருந்த இடத்தைக் காட்டி ஆசிரியர் ஒரு கதை சொன்னார். மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ். பதுளையில் அரசாங்க அதிகாரியாக இருந்தவர். 1,400 யானைகளுக்கு மேல் சுட்டவர் என்று பெயர். 1845 ஜூன் 7ஆம் திகதி அப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். அதோடு தீரவில்லை, புதைத்த பிறகும் மின்னல் தேடி வந்து அவர் கல்லறையைப் பிளந்தது என்று மலைநாடு முழுக்கச் சொல்வார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது பிள்ளைகள் எல்லாரும் அதையே பேசினோம். எனக்குப் பெரிய சந்தோஷம். அம்மாயியின் கதைக்குச் சாட்சி கிடைத்துவிட்டதே!

ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் கொழுந்துக் கூடையின் கயிற்றை முடிந்துகொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"யானைய அந்தத் தொர முன்னாடி வெரட்டிட்டு வந்தது யாரு? துவக்கு சுமந்தது யாரு?"

"தெரியல அம்மாயி. யாராவது கூலியாளுங்க."

"மின்னலு அவங்கள விட்டுருச்சா?"

"ஆமா, தொரையத்தான் அடிச்சிச்சு."

"மின்னலுக்கு ஆள் தெரிஞ்சிருக்கு, பாரு. மண்ணுக்குத் தெரியாதுடி."

அப்போது எனக்கு அது விளங்கவில்லை. கதையில் ஒரு பகுதியை அவள் வேண்டுமென்றே விட்டுச் சொல்கிறாள் என்று மட்டும் தோன்றியது. பிறகொரு மழை நாளில் கேட்டேன், மரம் வெட்டின நம்ம ஆளுங்களுக்கு என்ன ஆச்சு என்று. "கோப்பி செத்ததும் தொரமாரு பெட்டியக் கட்டிட்டாங்க. நம்மாளுங்களுக்கு மாசக்கணக்குல பாக்கிக் கூலி. எங்க போறது? பசியிலயும் பேதியிலயும் போனவங்க இந்தத் தேயிலைத் தூருக்குள்ளதான் இருக்காங்க" என்றாள். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டி அழைத்துவந்த பழைய பொய்யை எங்கள் பக்கத்தில் எல்லாரும் சொல்வார்கள். தூருக்குள் இருந்தது யார் என்று சொன்னது அவள் ஒருத்திதான்.

தேயிலைச் செடிகளை வெட்டிவிடுகிற கவ்வாத்துக் காலம் தொடங்குமுன் கவ்வாத்துச்சாமிக்குக் கும்பிடு போடுவார்கள். கத்திகளை வரிசையாக வைத்துப் பொட்டிட்டு, தேங்காய் உடைத்து, சேவல் அறுப்பார்கள். கத்தி கைகாலில் படக்கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பூசை என்று அப்பா சொல்வார். அம்மாயி அதை ஒத்துக்கொள்ள மாட்டாள். செடியிடம் மன்னிப்புக் கேட்பது அது என்பாள். கும்பிட்டு முடித்ததும் கத்தியை எடுக்காமல், முதலில் ஒரு செடியின் தலையை உள்ளங்கையால் தடவிவிட்டு நிற்பாள். மற்றப் பெண்கள் சிரிப்பார்கள். அவள் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டாள்.

நுவரெலியா போய்வந்த அந்த வருடம்தான் எங்கள் சின்னம்மாவைக் குளவி கொட்டியது. கொழுந்து நிரையில் குனிந்து நின்றவர்கள்மேல் மரத்துக் கூடு கலைந்து இறங்கிவிட்டது. கூடையைப் போட்டுவிட்டு ஓடியவர்களில் அவள் படங்கு செடியில் மாட்டி விழுந்தாள். கொங்காணியைப் போர்த்தித் தூக்கிவந்தபோது முகத்தில் கண் எங்கே என்று தெரியவில்லை. லொறியில் ஏற்றிப் போனார்கள். பிழைத்துவிட்டாள், ஆனால் அதற்குப் பிறகு ஈ பறக்கிற சத்தத்துக்கும் கையால் முகத்தை மூடிக்கொள்வாள். இன்றும் மலையகச் செய்திகளில் குளவிக்கொட்டுக்கு இலக்கான பெண்களைப் பற்றி வாசிக்காத மாதம் எனக்கு இல்லை. அன்று ராத்திரி நான் அம்மாயியிடம் கதை கேட்கவில்லை. மலை எங்கள் வீட்டுக்கும் வழி தெரிந்து வைத்திருக்கிறது என்று முதன்முதலாகப் புரிந்தது அன்றைக்குத்தான்.

அம்மாயி 1990களில் போய்விட்டாள். நான் படித்து, கொழும்புக்கு வேலைக்குப் போனேன். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை அலுவலகத்தில் தொலைக்காட்சியைச் சுற்றிக் கூட்டம். கொஸ்லந்தை மீரியபெத்தயில் மலை இறங்கி லயங்களை மூடிவிட்டது. ரொஜர்ஸை மின்னல் அடித்த அதே அப்புத்தளை மலைத்தொடரின் சரிவு. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்து, வீடு இருந்த இடத்தில் சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த இடம் ஆபத்தானது, ஆட்களை அகற்றுங்கள் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. ஆட்கள் அங்கேதான் இருந்தார்கள், போவதற்கு அவர்களுக்கு வேறு காம்பரா இல்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நுவரெலியா, பதுளை, கண்டி என்று மலைகள் ஒரே இரவில் அவிழ்ந்தன. நான் விடியவிடிய ஊருக்குத் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தோட்டத்தின் அமைப்பை அப்போது மனதுக்குள் வரைந்து பார்த்தேன். பங்களா, பாறைமேல் ஊன்றிய மேட்டில். இஸ்டோர், சமதரையில். லயங்கள், நீர் வழிகிற பள்ளத்தில், மலையின் காலடியில். மரத்தை வெட்டச் சொன்னவர்களின் வீடு ஒரு மழைக்கும் அசையாத இடத்தில் இருக்கிறது. இயற்கை பழிவாங்குவதாகப் படங்களும் கதைகளும் எத்தனையோ வந்துவிட்டன. அவற்றில் பழி எப்போதும் சரியான ஆளைத் தேடிப் போகிறது. அதை நம்பித்தான் நானும் கம்பளிக்குள் பயத்தோடு சந்தோஷப்பட்டேன். ஆனால் எங்கள் மலையிலிருந்து இறங்கிய மண் ஒருநாளும் பங்களாப் படியில் ஏறினதில்லை. அம்மாயி கதையை அப்படி முடித்தது எங்களுக்காகத்தான் என்று இப்போது நினைக்கிறேன். ஒரு கதையிலாவது மலை வழி தப்பாமல் போகட்டும் என்று.

புயலுக்குப் பிறகு ஊருக்குப் போனேன். எங்கள் லயம் தப்பியிருந்தது. பின்சுவருக்கு மேலே இருந்த கான் மண்ணால் நிரம்பி, சேறு அடுப்படி வரை வந்து நின்றிருந்தது. இரண்டு கோப்பி மரங்களில் ஒன்று இல்லை. மற்றதில் ஓர் இலையைத் திருப்பினேன். அதே வட்டங்கள், அதே பொடி. அண்ணன் மகள், ஏழு வயது, கிட்ட வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னத்த அது?"

அன்று இரவு மழை தூறியது. சொன்னேன். அம்மாயி சொன்ன மாதிரியே, எதையும் மாற்றாமல்.

மறுநாள் காலை பாடசாலைக்குப் புறப்படும்போது அவள் இஸ்தோப்பில் உட்கார்ந்து தன் கறுப்புச் சப்பாத்துகளைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு ஒவ்வொன்றுக்குள்ளும் கையை விட்டு நுனிவரை துழாவினாள். "அட்டையா பாக்குற?" என்று அவள் அம்மா உள்ளிருந்து கேட்டாள். பிள்ளை என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் சப்பாத்தைப் போட்டுக்கொண்டாள்.