ஓரத்துக் கையெழுத்து

காலை பதினொரு மணிக்கு ஆண்டர்சன் தெருவில் நடக்க வழி கிடையாது. தாள் கட்டுகளை ஏற்றிய மீன்பாடி வண்டிகள் ஒரு பக்கம், கல்யாணப் பத்திரிகை பார்க்க வந்த குடும்பங்கள் மறுபக்கம். இரண்டுக்கும் நடுவில் நின்று அந்தப் பெண் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே ஒரு பழைய தகரப் பலகை. கடையின் பெயர் முக்கால்வாசி உதிர்ந்திருந்தது. அவள் போனை உயர்த்திப் படம் எடுத்தது கடைப் பெயரை அல்ல. வலது கீழ் மூலையில் கட்டைவிரல் அகலத்துக்கு எழுதியிருந்த பெயிண்டரின் பெயரை. அதிலும் ‘ஆர்ட்ஸ்’ என்பது மட்டும்தான் மிச்சம். பின்னால் வண்டிக்காரர் மணியடித்துப் பார்த்தார், பிறகு திட்டினார்.

“ஒரே நிமிசம்ணே” என்றாள், நகராமலே.

இருபத்துநான்கு வயது இருக்கலாம். தோளில் கான்வாஸ் பை, அதிலிருந்து துருத்திக்கொண்டிருக்கும் ஸ்டீல் ஸ்கேல். கூட வந்தவன் கல்லூரித் தோழன், இப்போது பெங்களூரில் செல்போன் செயலி வடிவமைக்கிறவன் என்பதெல்லாம் அவர்கள் தாள் கடையின் படி ஏறுவதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவள் குரல் அப்படி.

“உங்க ஊர்ல என்னடா இருக்கு? நல்ல காபி இருக்கு, அதக் குடிச்சிக்கிட்டே மீட்டிங் இருக்கு. இங்க பாரு. சோழமண்டலம் ஓவியர் கிராமம் எப்படி வந்துச்சுன்னு தெரியுமா? ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவர்கிட்டப் படிச்ச பசங்களும் பத்திக் துணி செஞ்சு வித்து, அந்தக் காசுல இஞ்சம்பாக்கத்துல நிலம் வாங்குனாங்க. 1966-ல. அப்ப அது வெறும் மணல்.”

“வித்தாங்கல்ல? அதத்தான் நானும் சொல்றேன். உனக்கு யாரு சம்பளம் தர்றா?”

“நகைக்கடை தருது” என்று சிரித்தாள். வார நாட்களில் அவள் செய்வது ‘செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை’ விளம்பரங்கள். சனிக்கிழமைதான் இந்த வேலை.

அவளிடம் ஒரு பட்டியல் இருந்தது. கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமி, போட்டோ பியனாலே, கண்ணகி நகர்ச் சுவர்கள், திருவான்மியூரில் தாரா புக்ஸ் பதிப்பகம். ஆர்வக்காரர்கள் ஒரு நகரத்தைச் சொல்லும்போது அதில் குப்பை வண்டி வராது, வாடகை வராது, செப்டம்பர் மாதப் புழுக்கமும் வராது. அவள் சொன்ன சென்னையிலும் வரவில்லை. ஆனால் கண்ணகி நகர் என்றதும் பையன் குறுக்கே வந்தான்: “அங்க இருக்கிறவங்க என்ன சொன்னாங்க?” நகரின் நடுவில் குடிசை போட்டிருந்தவர்களை 2000-த்திலிருந்து கொண்டுபோய் வைத்த இடம் அது; சுவர் முழுக்க ஓவியம் வந்தது 2020-இல். அவளுக்கு முதல்முறையாகப் பேச்சு தடைப்பட்டது.

“ஒரு ஆத்தாகிட்டக் கேட்டேன். கலரு நல்லாத்தான் இருக்கு, தண்ணி லாரிய ஏன் இன்னும் காணோம்னாங்க.”

சொல்லாமல் மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. அந்தப் பட்டியலைக் கொஞ்சம் நம்பலாம் என்று தோன்றியது அப்போதுதான்.

கடைக்காரர் பொறுமைசாலி. மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “என்னம்மா வேணும்?” என்றார்.

“மேப்லித்தோ அண்ணாச்சி. நேச்சுரல் ஷேட், 100 ஜிஎஸ்எம். 23-க்கு 36.”

ஒரு தாளை உருவி மேசையில் விரித்தார்கள். பேச்சு நின்றது. தாளின் ஒரு முனையை விரல்களுக்கிடையில் தேய்த்தாள். பிறகு நீளவாக்கில் சுருட்டுவதுபோல் மெல்ல வளைத்து, உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள், அகலவாக்கிலும் அப்படியே. தாளுக்குள் இழை ஒரே திசையில் ஓடும். அந்தத் திசையோடு வளைத்தால் இணங்கும், எதிர்த்து வளைத்தால் விறைக்கும். இதைத் தெரிந்துகொள்ள வடிவமைப்புப் படிப்பு வேண்டாம். தெரியாமல் பட்டம் வாங்கியவர்களும் உண்டு.

“இழை 23 பக்கம் ஓடுது அண்ணாச்சி. எனக்கு 36 பக்கம் ஓடணும். இல்லைன்னா புத்தகத்து முதுகு விறைச்சுக்கும், பக்கம் விரிஞ்சு படுக்காது.”

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். “எந்த ஊரும்மா நீ?”

“சிவகாசி.”

“அதானே” என்று உள்ளே பார்த்து, வேறு கட்டு எடுக்கச் சொன்னார். தோழன் தாளை இப்படியும் அப்படியும் வளைத்துப் பார்த்தான். அவனுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

கட்டு வருவதற்குள் அவள் மறுபடி தொடங்கிவிட்டாள், இந்த முறை கடைக்காரரிடம். அப்பா அங்கே ஆப்செட் மெஷின் ஓட்டுகிறவர். வீடு நிறைய காலண்டர். முருகன், லட்சுமி, மீனாட்சி கல்யாணம். சின்ன வயதில் ஒருநாள் அப்பாவிடம் இதை யார் வரைந்தது என்று கேட்டிருக்கிறாள். ‘பிரஸ்ல அடிச்சது’ என்றாராம் அவர். வரைந்தவர்களில் பெரியவரின் பெயர் கொண்டைய ராஜு என்பதே சென்னைக்கு வந்த பிறகுதான் தெரிந்ததாம். “கோயில்பட்டிக்காரரு அண்ணாச்சி! எங்க ஊருக்குப் பக்கம்! மெட்ராஸ் ஓவியப் பள்ளியில படிச்சிட்டு வந்து வரைஞ்சிருக்காரு. அவரு பேரு எனக்கு இங்க வந்துதான் தெரியணுமா?”

அவளுடைய உற்சாகத்தின் ஊற்று அங்கேதான் இருந்தது. காபிக் கடையும் கண்காட்சியும் மேல்பூச்சு. செய்தவன் பெயர் தெரிகிற ஊர் என்றுதான் அவள் இந்த நகரத்தை எடுத்துக்கொண்டிருந்தாள். ஓவியர் ஆதிமூலம் எழுதிய தலைப்பெழுத்தைத் தமிழ்ப் புத்தக அட்டையில் பார்த்தால் அது ஆதிமூலம் என்று சொல்ல நாலு பேராவது இங்கே இருக்கிறார்கள். தாராவின் ‘மரங்களின் இரவு வாழ்க்கை’யில் வரைந்த கோண்டு ஓவியர்கள் மூன்று பேரின் பெயரும் இருக்கிறது, கையால் ஸ்கிரீன் அச்சடித்த பிரதி ஒவ்வொன்றுக்கும் தனி எண்கூட இருக்கிறது. அதைச் சொன்னபோது தன் குழந்தையின் மார்க்கைச் சொல்வதுபோல் சொன்னாள்.

கொண்டைய ராஜு படித்த அந்த ஓவியப் பள்ளி தொடங்கிய இடம் இந்தக் கடையிலிருந்து நடக்கிற தூரம்தான். 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் பிராட்வேயில் சொந்தமாக ஆரம்பித்தார்; அரசு அதை எடுத்துக்கொண்டதும் எழும்பூர்ப் பக்கம் போனதும் பிறகு. அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் இன்னொரு பத்து நிமிடம் பிராட்வேயை மறித்துக்கொண்டு நிற்பாள். வண்டிக்காரர்கள் பாவம்.

அவள் செய்யப்போகும் புத்தகமும் பெயர்கள்தான். சுவர் விளம்பரம், கடைப் பலகை, லாரிப் பின்புறம் என்று எழுதியவர்கள் ஓரத்தில் விட்டுப்போன கையெழுத்துகள். பிளெக்ஸ் வந்த பிறகு தூரிகையைக் கீழே வைத்துவிட்டவர்கள். சிலவற்றில் ஆறு இலக்கத் தொலைபேசி எண் அப்படியே இருக்கிறது. 300 பிரதி. ஒரு முழுத் தாளில் 16 ஏடு, 32 பக்கம். ஒரு புத்தகத்துக்கு ஒரு தாள் போதும். கணக்கை விரலில்தான் போட்டாள், போனை எடுக்கவில்லை. சேதாரத்துக்கு 30 தாள் கூடுதல். இங்கே சேதாரம் உண்டு.

வெட்டுவதற்குப் பின்பக்கச் சந்துக்கு அனுப்பினார்கள். ஆள் நுழைகிற அகலத்தில் ஒரு அறை, அறையை அடைத்துக்கொண்டு கட்டிங் மெஷின். வெட்டுகிறவருக்கு அறுபது தாண்டியிருக்கும். தாள் கட்டைப் பக்கவாட்டில் தட்டி, விசிறியாக விரித்துக் காற்றை உள்ளே விட்டு, மறுபடி தட்டினார். விளிம்பு கண்ணாடிபோல் ஆயிற்று. கத்தி இறங்கியது. ஒரே தாளைப்போல் கட்டு இரண்டானது. அவள் பேசவே இல்லை. நாலாக வெட்டி முடித்து அவர் அடுக்கியபோதுதான் நோட்டை எடுத்தாள்.

“ஐயா, உங்க பேரு?”

“எதுக்கும்மா?”

“புத்தகத்துக் கடைசிப் பக்கத்துல போடுவேன். பேப்பர் குடுத்தவங்க, வெட்டுனவங்க, தைச்சவங்க, எல்லார் பேரும் வரும்.”

அவர் கத்திக்கு அடியில் கிடந்த தாள் நறுக்குகளை வாரி மூட்டைக்குள் தள்ளினார். “பேரெல்லாம் வேணாம்.”

“ஏன்யா? உங்க வேலைதான? இந்த மாதிரி யாரு வெட்டுவா?”

“வேலை எனுதுதான். மெஷினு மொதலாளிது. இது டோக்கன் போடாத வேலை, கடைக்காரரு சொன்னாருன்னு நடுவுல வெட்டிக் குடுத்தேன். நாளிக்கி உன் புக்கு அவரு கைக்குப் போச்சின்னா இன்னா சொல்லுவே?”

அவளிடம் பதில் இல்லை. நோட்டில் பேனா வைத்த இடத்தில் மை பரவிக்கொண்டிருந்தது. தோழன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, நல்லவேளையாக ஒன்றும் சொல்லவில்லை. ஓரத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரும் வேலை பிடிக்கத்தான் போட்டார்கள், விளம்பரம்போல. இவருக்கு அந்த ஓரமே வேலைக்கு உலை. அவள் போட்டுவைத்திருந்த கணக்கில் இப்படி ஒரு ஆள் இல்லை.

“சரி, டோக்கன் போட்டுக்கலாம்யா. முழுக்காசு தர்றேன். அப்ப போடலாம்ல?”

அவர் இப்போதுதான் அவளை நன்றாகப் பார்த்தார். “எத்தினி புக்கு?”

“முந்நூறு.”

“தைச்சி முடிச்சதும் மூணு பக்கம் பிசிறு வெட்டணும்ல?”

“ஆமா.”

“அதுக்கு இங்கதான் வரணும். அப்போ டோக்கன் போடு, மொதலாளிகிட்ட நீயே சொல்லு, அவரு பேர மேல போடு. கீள என்து. செவ்வாக்கெளம வராத, பிளேடு சாணைக்குப் போவும்.”

அவள் எழுதிக்கொண்டாள். பெயரையல்ல, செவ்வாய்க்கிழமையை. பிறகு கட்டுக்கு எவ்வளவு என்று கேட்டு, அவர் சொன்னதில் பத்து ரூபாய் குறைக்கப் பார்த்தாள். அவர் குறைக்கவில்லை.