247 எழுத்தும் ஒரு பழைய டைரக்டரும்

டைரக்டர்னதும் மணிரத்னம், பாலான்னு நெனச்சு ஓடி வந்தவங்க மன்னிக்கணும். இது மேக்ரோமீடியா டைரக்டர். தொண்ணூறுகள்ல மல்டிமீடியா சிடி செய்யறதுக்குன்னு இருந்த மென்பொருள். ஆமா, கொசுவத்தி சுத்தப்போறேன். ஆணி அதிகம் இருக்கறவங்க இப்பவே எஸ்கேப் ஆயிடலாம் :-)

போன மாசம் அக்கா பையன் போன் பண்ணினான். "மாமா, தாத்தா அ ஆ சொல்ற சிடி ஒண்ணு செஞ்சீங்களே, அது இன்னும் இருக்கா? பாப்பாவுக்குப் போட்டுக் காட்டணும்." அந்த சிடியை நான் செஞ்சது 1999-ல். இவனுக்கு அப்போ மூணு வயசு. இப்போ இவனுக்கே பொண்ணு பொறந்தாச்சு. அப்பா 2003-ல போயிட்டார். அவர் குரல்னு வீட்டுல இருக்கிறது அந்த சிடி மட்டும்தான். இருக்குடான்னு சொல்லிட்டேன். சொல்லிட்டு பரண்ல ஏறினேன்.

கதைக்கு வர்றேன். 98-ல மதுரையில ஒரு இன்ஸ்டிடியூட்ல மல்டிமீடியா கோர்ஸ் சேர்ந்தேன். மத்த பசங்க எல்லாம் போட்டோஷாப்ல ஹீரோ தலையை வெட்டி ஒட்டிக்கிட்டு இருக்கும்போது நான் டைரக்டர் 6-ல விழுந்தேன். அதுல எல்லாமே நாடகக் கொட்டகை பாஷை. திரைக்குப் பேர் ஸ்டேஜ். படம், சத்தம், எழுத்து எல்லாம் காஸ்ட், அதாவது நடிகர்கள். நடிகர் மேடைக்கு வந்துட்டா ஸ்ப்ரைட். யார் எப்போ வரணும், எப்போ போகணும்னு குறிச்சு வைக்கிற கட்டம் போட்ட தாள் ஸ்கோர். இடமிருந்து வலமா ஃப்ரேம், மேலிருந்து கீழா சேனல். அஞ்சாம் பதிப்புல 48 சேனல்தான். ஆறுல 120 ஆக்கினாங்க. 120 பேரை மேடையேத்தலாம்னு தெரிஞ்ச அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை, நெசமா.

அப்புறம் லிங்கோ. ஜான் ஹென்றி தாம்ப்சன் உருவாக்கின மொழி. சி மொழியில பாயிண்டர்னா என்னன்னு புரியாம முழிச்சவன் நான். லிங்கோ பேச்சு மாதிரி இருக்கும். 'செட் த லோக்ஹெச் ஆஃப் ஸ்ப்ரைட் 5 டு 120'ன்னு எழுதினா அஞ்சாவது ஸ்ப்ரைட் அந்த எடத்துக்குப் போய் நிக்கும். ஸ்கோர் பிடியிலேருந்து ஒரு ஸ்ப்ரைட்டை எடுத்து நாம ஆட்டி வைக்கணும்னா அதை 'பப்பெட்' ஆக்கணும். பொம்மலாட்டமேதான். ஒரு ஃப்ரேம்ல அப்படியே நிக்கணும்னா 'கோ டு த ஃப்ரேம்', அதாவது இருக்கிற எடத்துக்கே போ. டைரக்டர்ல வேலை பார்த்த யாரை எழுப்பிக் கேட்டாலும் தூக்கத்துல இந்த வரியைச் சொல்லுவாங்க.

குறையே இல்லையான்னா, நெறைய. ஸ்கிரிப்டை ஸ்கோர்லயும் எழுதலாம், நடிகர் மேலயும் எழுதலாம், படம் முழுசுக்கும் பொதுவாவும் எழுதலாம். மூணு மாசம் கழிச்சுத் திறந்தா எந்த பட்டனுக்கான வரி எங்க ஒளிஞ்சிருக்குன்னு தேடியே பொழுது போயிடும். விலை வேற ஆயிரம் டாலர் பக்கம். நான் எப்படி வச்சிருந்தேன்னு கேக்கப்படாது, ஹிஹி.

அக்கா அப்போ மும்பையில. பையன் ஹிந்தியில வெளுத்து வாங்குவான், தமிழ்ல 'தாத்தா' தவிர ஒண்ணும் வராது. அப்பா கோவில்பட்டியில தமிழாசிரியரா இருந்து ரிட்டயர் ஆனவர். அவருக்கு இது பெரிய குறை. சரி, தாத்தா குரல்லயே எழுத்து சொல்லித்தர்ற மாதிரி ஒரு சிடி செய்வோம்னு கிளம்பினேன். உயிர் 12, மெய் 18, ஆக முப்பது எழுத்து போதும்னேன். அப்பா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"மொத்தம் எத்தனைடா எழுத்து?"

"247. ஆனா மாமா வீட்டு கம்ப்யூட்டர் தாங்காதுப்பா, ரொம்ப சின்னது."

"கம்ப்யூட்டருக்கு எடம் பத்தலைன்னா மொழியைக் கொறைச்சுருவியா?"

பேச்சு முடிஞ்சது. டேப் ரெக்கார்டரை முன்னாடி வச்சுக்கிட்டு ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க 247-ம் சொன்னார். ங வரிசை, ஞ வரிசை எதையும் விடலை. அந்த கேசட்டை மதுரைக்குக் கொண்டுபோய், லேப் கம்ப்யூட்டர்ல ஒயர் மாட்டி ஏத்தி, ஒவ்வொரு எழுத்தா வெட்டினேன்.

எழுத்து வடிவத்துக்கு வேற தலைவலி. யூனிகோடெல்லாம் டைரக்டருக்கு வந்தது 2008-ல, பதினோராம் பதிப்புலதான். 99-ல ஆளுக்கொரு ஃபாண்ட், ஃபாண்டுக்கொரு குறியீடு. அந்த வருஷம்தான் சென்னையில தமிழ்நெட் 99 மாநாடு நடந்து டாம், டாப்னு தரம் வந்துச்சு. மும்பை கம்ப்யூட்டர்ல நம்ம ஃபாண்ட் இல்லைன்னா 'அ' இருக்க வேண்டிய எடத்துல ஜிலேபி தெரியும். அதனால 247-ஐயும் படமாவே மாத்தி ஒட்டினேன்.

மாமா வீட்டுல இருந்தது அவர் ஆபீஸ்ல கழிச்சுக்கட்டின பொட்டி. விண்டோஸ் 3.1, 8 எம்பி ராம். அதுக்காக ரெண்டு முடிவு எடுத்தேன். ஒண்ணு, ப்ரொஜக்டரை, அதாவது டைரக்டர் கடைசியா செஞ்சு குடுக்கிற இஎக்ஸ்இ ஃபைலை, 16 பிட்டா செஞ்சேன். ரெண்டு, அப்பா குரலை 11 கிலோஹெர்ட்ஸ், 8 பிட்டுக்குக் குறைச்சேன். சிடி மும்பை போச்சு, ஓடுச்சு. பையன் 'ழ' சொல்றான்னு அக்கா எஸ்டிடி போட்டுச் சொன்னப்போ அப்பா தெருவுக்கே சொன்னார்.

இனி பரண். சிடி கெடைச்சுது. லேப்டாப்ல சிடி டிரைவ் ஏது? யூஎஸ்பியில மாட்டற டிரைவ் ஒண்ணு வாங்கினேன். ரெண்டு மணி நேரம் கர்ர் கர்ர்னு சுத்தி, நாலஞ்சு தடவை எர்ரர் அடிச்சு, ஒருவழியா எல்லா ஃபைலும் வந்துச்சு. டபுள் க்ளிக் பண்ணினா, இது உன் கம்ப்யூட்டர்ல ஓடாதுன்னுட்டான். 64 பிட் விண்டோஸ்ல 16 பிட் புரோகிராம் ஓடவே ஓடாது. எல்லா மிஷின்லயும் ஓடணும்னு நான் பார்த்துப் பார்த்து எடுத்த முடிவு!

டைரக்டரைக் காப்பாத்த இப்போ யாரும் இல்லை. மேக்ரோமீடியாவை அடோபி 2005-ல வாங்குச்சு. 2013-ல பன்னிரண்டாம் பதிப்பு, அதோட சரி. 2017-ல விக்கிறதை நிறுத்தினாங்க, 2019-ல விண்டோஸ் ஷாக்வேவ் பிளேயருக்கும் மூடுவிழா. 1985-ல வீடியோவொர்க்ஸ்ங்கிற பேர்ல மேக்ல பொறந்த புள்ள அது.

பழைய எக்ஸ்பி சிடி ஒண்ணு கைவசம் இருந்துச்சு. விர்ச்சுவல்பாக்ஸ்ல 32 பிட் எக்ஸ்பி ஏத்தினேன். அது 16 பிட்டையும் சேர்த்துக்கும். ராத்திரி பதினொண்ணரைக்கு க்ளிக் பண்ணினேன். பச்சைக் கலர் திரை, கோணல் மாணலா என் பட்டன்கள். 'அ' மேல அமுக்கினேன்.

"அ."

தங்கமணி அடுப்படியிலேருந்து வந்து நின்னாங்க. ஒண்ணும் பேசலை. "இன்னொரு தடவை போடுங்க"ன்னு மட்டும் சொன்னாங்க.

சத்தத்தைத் தனியா எடுக்கணுமே. 247 தடவை க்ளிக் பண்ணி ரெக்கார்ட் பண்றதா? சிடியிலேயே மூல ஃபைலும் இருந்தது நல்லதாப் போச்சு. எக்ஸ்பியில டைரக்டர் 6-ஐயே ஏத்தித் திறந்தேன். ஒண்ணுலேருந்து 247 வரை வரிசையா வாசிக்க ஒரு லூப் எழுதினேன். சத்தம் வரலை. அஞ்சு நிமிஷம் தலையைச் சொறிஞ்சேன். திடீர்னு விரலுக்கு ஞாபகம் வந்துச்சு: பப்பெட்சவுண்டுக்கு அப்புறம் 'அப்டேட்ஸ்டேஜ்' போடணும், இல்லைன்னா லூப்புக்குள்ள சத்தமே வராது. ஒரு சத்தம் முடியற வரைக்கும் காத்திருக்க 'சவுண்ட்பிஸி'. இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு, நேத்து சாப்பிட்டது மறந்து போகுது, இது மறக்கலை.

எட்டு நிமிஷம் ஓடுச்சு. ஹெட்போன்ல கேட்டுக்கிட்டே இருந்தேன். ழவும் ளவும் சுத்தமா பிரியுது. க வரிசை முடியற எடத்துல அம்மாவோட குக்கர் விசில். ஆனா ச வரிசை வந்தப்போதான் உறைச்சுது. 11 கிலோஹெர்ட்ஸ்ல சாம்பிள் எடுத்தா அதுல பாதிக்கு மேல இருக்கிற சத்தம் தங்காது. 'ச' சொல்லும்போது அப்பாவுக்கு ஒரு காத்து வரும், பல் இடுக்கு வழியா. அது இல்லை. 8 பிட் இரைச்சல்தான் புஸ்ஸுன்னு பின்னாடி.

உக்காந்து கணக்குப் போட்டேன். எழுத்துக்கு ரெண்டு செகண்ட்னா, நான் வச்சது மொத்தம் அஞ்சரை எம்பி. முழுத் தரத்துல, 44.1 கிலோஹெர்ட்ஸ் 16 பிட் மோனோவுல அப்படியே விட்டிருந்தா 44 எம்பி. சிடி 650 எம்பி. மீதி 600 எம்பி வெறுமனே கெடந்துச்சு. மும்பை பொட்டிக்குக் கொறைச்சது சரி, மூலத்தையும் அதே சிடியில ஒரு ஓரமா போட்டு வைக்கணும்னு தோணலை. லேப் மிஷினை கோர்ஸ் முடிஞ்சதும் ஃபார்மட் பண்ணிட்டாங்க. அந்த கேசட் மேல யாரோ சினிமாப் பாட்டு பதிஞ்சுட்டாங்க. யாரோ என்ன யாரோ, நான்தான்.

கடைசி எழுத்து னௌ. அது மட்டும் ரெண்டு செகண்டுக்கு மேல ஓடுச்சு. அவசரத்துல வால் பக்கம் சரியா வெட்டாம விட்டிருக்கேன். "னௌ"ன்னுட்டு, கொஞ்சம் தள்ளி, "போதுமாடா?"ன்னு கேக்குறார்.

247-ஐயும் தனித்தனியா வெட்டி அக்கா பையனுக்கு அனுப்பியாச்சு. கடைசி ஃபைலை மட்டும் வெட்டலை. பாப்பாவுக்குப் போன்ல தொட்டா பேசணுமாம், அதனால ஜாவாஸ்கிரிப்ட்ல மறுபடி எழுதிக்கிட்டு இருக்கேன். ஸ்கோர் இல்லை, காஸ்ட் இல்லை, ஒரு 'அ'வைத் திரை நடுவுல நிறுத்தவே ஒரு சாயங்காலம் போச்சு. லிங்கோவுல ரெண்டு வரி.