அரை நிமிஷ வைத்தியம்

தாம்பரத்தில் இருக்கும் என் தங்கைக்கு ஆறாம் மாதம். போன வாரம் பார்க்கப் போனேன். சோற்றை ஒதுக்கிவிட்டு வெந்தயத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"செல்போன் வீடியோவில் ஒரு மாமி சொன்னாள், அக்கா! இப்படிச் செய்தால் சர்க்கரை அண்டாதாம்!"

"பரிசோதனை செய்துகொண்டாயா?"

"எனக்குத்தான் ஒரு தொந்தரவும் இல்லையே!"

சகோதரிகளே, ஆபத்தே அங்கேதான்! கர்ப்பகாலச் சர்க்கரை பெரும்பாலும் அறிகுறி காட்டாது. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பரிசோதனை வேண்டும் என்று சென்னை டாக்டர் வி. சேஷய்யா வற்புறுத்தியது அதனால்தான். 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்க வேண்டும். பட்டினி கிடக்க வேண்டாம். இரண்டு மணி கழித்து ரத்தம் எடுப்பார்கள். அளவு 140-ஐத் தொட்டால் சிகிச்சை.

மறுநாளே அழைத்துப் போனேன். 152! இப்போது டாக்டர் சொன்ன அளவில் சோறும் உண்டு, மாலையில் நடையும் உண்டு.

மாமியின் அரை நிமிஷத்தில் அந்த இரண்டு மணி நேரம் மட்டும் விட்டுப்போயிற்று!