கோழி அடையும் இடம்

காங்கேயம் பக்கத்துத் தோட்டங்களில் கோழி இல்லாத வீட்டைப் பார்ப்பது அரிது. ஆனால் அந்தக் கோழிகள் இரவில் எங்கே அடைகின்றன என்று கேட்டால் பலரும் வெள்வேல மரத்தைத்தான் காட்டுகிறார்கள். சிலர் மாட்டுக் கொட்டகையின் உத்தரத்தைக் காட்டுவார்கள், சிலர் கவிழ்த்துப் போட்ட பழைய தொட்டியை. கோழிக்கென்று முறையாகக் கூடு கட்டித் தரும் தச்சர்கள் இந்த வட்டாரத்தில் இன்னும் சிலர் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அப்படி ஒருவர் வேலை செய்துகொண்டிருந்த தோட்டத்துக்குப் போனேன்.

ஊரைவிட்டு விலகி, கிளுவை வேலி போட்ட கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தை ஒட்டி அந்த வீடு இருந்தது. அங்கே வளர்ப்பது பெருவிடைக் கோழி. பத்துப் பெட்டைக்கும் ஒரு சேவலுக்கும் கூடு வேண்டும் என்று வீட்டுக்கார அம்மா கேட்டிருந்தார். முன்பு வளர்த்தவற்றில் முக்கால்வாசியை வெருகுப் பூனை கொண்டுபோய்விட்டது. "மரத்து மேல அடையறதுனால பயமில்லைன்னு இருந்துட்டோமுங்க. காலைல எந்திரிச்சுப் பாத்தா எறகுதான் கெடந்துச்சு" என்றார். காட்டுக்கோழி மரத்தில் அடைந்து பழகிய இனம். அதன் வழிவந்த வீட்டுக்கோழியும் இருட்டியதும் உயரம் தேடுகிறது. தரையில் திரியும் நாயிடமிருந்து அந்த உயரம் காப்பாற்றும். மரமேறும் வெருகுக்கும் மரநாய்க்கும் அது ஒரு தடையே இல்லை. இருட்டில் கோழிக்குச் சரியாகக் கண் தெரியாது என்பதால் பக்கத்தில் வந்து நிற்பது எதுவென்றுகூட அதற்குப் புரியாது.

ஆசாரிக்கு அறுபது வயதைத் தாண்டியிருக்கும். நான் போன காலையில் அவர் உளியையோ ரம்பத்தையோ கையில் எடுக்கவில்லை. ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவரச் சொல்லி, புறக்கடையில் மூன்று இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றார். ஐப்பசி மழையில் ஈரம் தங்குகிற இடத்தில் கூட்டை வைத்தால் ரத்தக் கழிச்சல் விடாது என்றார். அந்த நோயைக் கொண்டுவரும் நுண்ணுயிரி கோழியின் எச்சத்தில் வெளியேறி, ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள மண்ணில்தான் முதிர்கிறது. காய்ந்த மண்ணில் அதன் வேகம் குறைந்துவிடும். மேடாக இருந்த, முருங்கை நின்ற மூலையை அவர் தேர்ந்தெடுத்தார்.

அடுத்தது திசை. கூட்டின் நீளப்போக்கு கிழக்கு மேற்காக இருக்க வேண்டும் என்று கால்நடை மருத்துவர்களும் சொல்வார்கள். அப்படி வைத்தால் காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகலான இரண்டு பக்கங்களில் மட்டுமே படும். நீளமான வடக்கு, தெற்குப் பக்கங்களைக் காற்றுக்காகத் திறந்துவிடலாம். ஆனால் இந்த ஊருக்கு இன்னொரு காரணமும் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசியிலிருந்து ஆவணி வரை மேற்கிலிருந்து காற்று அடித்துக்கொண்டே இருக்கும். ஆடியில் அந்தக் காற்றுக்கு வாழை நிற்காது. ஆகவே மேற்குப் பக்கத்தை மட்டும் பலகையால் முழுக்க அடைத்துவிட்டார். காற்றையும் சாயங்கால வெயிலையும் அந்த ஒரே பலகைச் சுவர் தடுத்துவிடுகிறது. வேறு ஊர்ப் படத்தைப் பார்த்துக் கட்டினால் இந்தக் கணக்கு எப்படி வரும்?

கூட்டின் அளவு ஆறடிக்கு நாலடி. வளர்ந்த கோழி ஒன்றுக்கு இரவு தங்க ஒன்றரைச் சதுர அடியாவது வேண்டும். பெருவிடை உடல் கனத்த இனம் என்பதால் இங்கே தலைக்கு இரண்டு சதுர அடிக்கு மேல் கிடைக்கும்படி போட்டிருந்தார். தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் கூட்டின் தளம். கால்கள் மட்டும் இரும்புச் சதுரக் குழாய். மரக்கால் வைத்தால் கரையான் ஏறிவிடும். அந்த வேலைக்கு வெல்டிங் பட்டறையிலிருந்து ஓர் இளைஞர் வந்திருந்தார். ஆசாரியை அவர் "பெரியப்பா" என்றார். உறவு எதுவும் இல்லையாம், பல இடங்களில் சேர்ந்து வேலை பார்த்த பழக்கம்தான். குழாயை நிறுத்தும்போது ஆசாரி ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, "கெழக்க ஒரு நூல் எறங்கியிருக்குது பாரு சாமி" என்றார். இளைஞர் முகம் சுளிக்காமல் பற்றவைத்ததை வெட்டிவிட்டு மறுபடி நிறுத்தினார். சட்டம் கோணினால் கதவு தொங்கும், கதவு தொங்கினால் கீழே சந்து விழும் என்பது இருவருக்கும் தெரியும்.

தளத்துக்கு ரீப்பர் கட்டைகளை விரல் கனம் இடைவெளி விட்டு அடித்தார்கள். எச்சம் கீழே விழுந்துவிடும், கோழியின் கால் சிக்காது. கீழே விழுவதை வாரம் ஒருமுறை வழித்து எருக்குழியில் சேர்க்கலாம். அடைவதற்கான கம்புகள் இரண்டு. ஆசாரி மிகுந்த நேரம் செலவிட்டது இவற்றில்தான். இரண்டு அங்குல அகலத்துக்கு வேப்பமரச் சட்டத்தை அறுத்து, மேல் விளிம்புகளை இழைப்புளியால் உருட்டி உருட்டி எடுத்தார். கூர்விளிம்பில் இரவெல்லாம் உட்கார்ந்தால் பாதம் புண்ணாகும். இரும்புக் குழாயைக் கம்பாக வைப்பதை அவர் ஒப்புக்கொள்வதில்லை. இரண்டு கம்பும் ஒரே உயரம். உயர்வு தாழ்வு இருந்தால் மேல் கம்புக்காகத் தினமும் சண்டை நடக்கும். ஒரு கோழிக்குப் பத்து அங்குலம் இடம். கனத்த சேவல் உயரத்திலிருந்து குதித்தால் உள்ளங்காலில் அடிபட்டுச் சீழ் கட்டும் என்பதால், தளத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு மேல் கம்பை ஏற்றவில்லை. இறங்குவதற்குச் சாய்வான பலகை ஒன்றும் வைத்தார்.

முட்டையிடும் பெட்டிகள் மூன்று. ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். நாலைந்து பெட்டைக்கு ஒன்று போதும். அவற்றை அடையும் கம்புக்குக் கீழான உயரத்தில் வைக்க வேண்டும். மேலே வைத்தால் கோழிகள் பெட்டிக்குள்ளேயே அடைந்து எச்சமிட்டு வைக்கும். முட்டை எடுக்கும் சின்னக் கதவை உட்புறம் வைப்பதாகத்தான் முதலில் பேச்சு. வீட்டுக்கார அம்மா வந்து பார்த்துவிட்டு, "தெனமும் குனிஞ்சு உள்ள பூந்து எடுக்கறது நானுங்க ஆசாரியாரே. வெளிய, இடுப்பொசரத்துல வெச்சுக் குடுங்க" என்றார். ஆசாரி உடனே அடித்த பலகையைக் கழற்றினார். இந்த ஊரில் கோழிக்குத் தீனி போடுவது, கூட்டுவது, அடைவைப்பது, மருந்து அரைப்பது எல்லாம் பெண்கள். கூட்டின் அளவை மட்டும் பெரும்பாலும் ஆண்களே நின்று பேசி முடிக்கிறார்கள். கதவின் உயரத்தை அந்த அம்மா சொன்ன அந்த நிமிடத்தில்தான் கூடு உண்மையிலேயே வேலைக்கு உதவும் பொருளானது என்று எனக்குத் தோன்றியது.

கூரைக்குத் தகரம் போடலாமா என்று கேட்டேன். ஆசாரி சரியென்று சொல்லவில்லை. கோழிக்கு வேர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணித்துக்கொள்ளும். தாழ்வான தகரக் கூரையின் கீழ் சித்திரை வெயிலில் அது செத்துப்போகும். நெடுஞ்சாலை ஓரங்களில் வண்ணம் பூசி விற்பனைக்கு நிற்கும் தகரக் கூண்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. வாங்குகிறவர் ஆசையாகத்தான் வாங்குகிறார், வேதனைப்படுவது உள்ளே இருக்கும் உயிர். இங்கே நாட்டு ஓடு போட்டார்கள். சுவரின் மேல் விளிம்புக்கும் ஓட்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு வலை அடித்தார்கள். எச்சத்தின் காரநெடி அந்த வழியாக மேலே போய்விடும், அடைந்திருக்கும் கோழியின் மேல் காற்று நேராக அடிக்காது.

வலையில்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். கடையில் கோழிவலை என்று விற்கும் அறுகோணக் கண் உள்ள மெல்லிய வலை, கோழி வெளியே போகாமல் காக்கும். வெளியே இருப்பது உள்ளே வராமல் காக்காது. நாய் அதைப் பல்லால் கிழித்துவிடும், கீரிக்குட்டியும் பாம்பும் அதில் புகுந்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் வலையைத்தான் கூட்டுக்குப் போட வேண்டும். அதைச் சட்டத்தின் வெளிப்புறத்தில் வைத்து, மேலே ஒரு ரீப்பரையும் கொடுத்து அமுக்கித் திருகாணி போட்டார்கள். வெளியிலிருந்து எது மோதினாலும் வலை சட்டத்தோடுதான் அழுந்தும், ஆணி பிடுங்கிக்கொள்ளாது. தாழ்ப்பாள் மேலே ஒன்று, கீழே ஒன்று. வெறும் கொக்கியை விலங்குகள் மூக்கால் நெம்பித் திறந்துவிடும். பெருவிடைச் சேவலுக்கு நல்ல விலை உண்டு என்பதால் மனிதர்களுக்காகப் பூட்டும் தேவைப்பட்டது.

கீரியும் வெருகும் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் காக்கப்பட்டவை. பொறி வைப்பதும் விஷம் வைப்பதும் குற்றம். அவை எலியைத் தின்று தோட்டத்துக்கு நன்மையும் செய்கின்றன. கூட்டைச் சரியாகக் கட்டிவிட்டால் அவற்றின் மேல் கோபப்பட வேண்டியதே இல்லை.

வலையும் தாழ்ப்பாளும் தடுக்க முடியாத எதிரிகளும் உண்டு. உண்ணியும் செள்ளும். கோழி உண்ணி பகலெல்லாம் மரச்சந்துகளில் ஒளிந்திருந்து, இரவில் வந்து ரத்தம் குடித்துவிட்டுத் திரும்பிப் போகும். பகலில் கோழியைத் தூக்கிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கோழி மட்டும் மெலிந்துகொண்டே போகும். இதனால்தான் ஆசாரி ஒவ்வொரு மூட்டிலும் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து, தேய்த்து, அதன்மேல் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். பிளந்த மூங்கிலில் கூடு கட்டினால் செலவு குறைவுதான், ஆனால் அதன் பொந்துகள் எல்லாம் உண்ணிக்கு வீடு. எதிரே திறந்தவெளியில் சாம்பலும் மணலும் கலந்து ஒரு குழி வைத்தார்கள். கோழி அதில் புரண்டு தன் செள்ளைத் தானே உதிர்த்துக்கொள்ளும்.

பகலில் திரிய இருபதுக்குப் பன்னிரண்டு அடியில் அடைப்பு. தலைக்குப் பத்துச் சதுர அடி போதும் என்றாலும் இரட்டிப்பாகவே விட்டிருந்தார்கள். அதை நடுவில் தடுத்து, ஒரு பாதியில் கோழி மேயும்போது மறுபாதி தழையட்டும் என்று ஏற்பாடு. நாட்டுக்கோழி ஐந்தடி வேலியைச் சுலபமாகப் பறந்து தாண்டும். வேலி ஆறரை அடி, ஆனால் உச்சியில் குறுக்குச் சட்டம் இல்லை. உட்கார ஒரு விளிம்பு கண்ணுக்குத் தெரிந்தால்தான் கோழி எம்பும் என்றார் ஆசாரி. மேலே வல்லூறுக்காகவும் காக்கைக்காகவும் நைலான் வலை. அடியில், வலையை ஒன்றரை அடி வெளிப்பக்கமாகத் தரையோடு மடித்துப் படுக்கவைத்துக் கல் அடுக்கினார்கள். தோண்டும் விலங்கு வேலியின் காலடியில்தான் தோண்டத் தொடங்கும், வலையில் நகம் பட்டதும் விட்டுவிடும்.

குஞ்சுகளுக்கு மூங்கிலில் பின்னிய பழைய பஞ்சாரக் கூடையே போதும். குண்டடம் சந்தையில் விற்கிறார்கள். தாயை உள்ளே விட்டுக் கவிழ்த்து வைத்தால் குஞ்சுகள் சந்து வழியே வெளியே வந்து மேய்ந்துவிட்டு, காக்கை நிழல் விழுந்ததும் தாயிடம் ஓடி ஒளியும். இந்த வறண்ட நிலத்தில் மூங்கில் அதிகம் விளையாது. வெளியிலிருந்து வாங்கிப் பின்ன வேண்டும். கம்பிக் கூடை வந்த பிறகு பின்னுகிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள்.

கூடு முடிந்ததும் கோழிகளை ஒரு வாரம் உள்ளேயே அடைத்து, தீனியும் தண்ணீரும் அங்கேயே வைத்தார்கள். இதுதான் இடம் என்று பழகிவிட்டால் பிறகு பொழுது சாய்ந்ததும் அவையாகவே வந்து அடையும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. வெள்ளைக் கழிச்சலுக்கு ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைப் பராமரிப்புத் துறை இருவார முகாம் நடத்தி இலவசமாகத் தடுப்பூசி போடுகிறது. மரத்தில் அடையும் கோழியை விடிகாலையில் பிடித்துக் கொடுக்க முடியாமல் எத்தனையோ பேர் ஊசியைத் தவறவிடுகிறார்கள். கூட்டில் அடைந்த கோழியை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் கொடுத்துவிடலாம்.

கூலிப் பேச்சும் என் காதில் விழுந்தது. வெல்டிங் வேலைக்கு எடைக்கணக்கு. அதில் யாரும் பேரம் பேசுவதில்லை. ஆசாரிக்கு நாள் கூலி. தண்ணீர் ஊற்றி இடம் பார்த்த அந்தக் காலைப்பொழுதை வேலை நாளாகக் கணக்கில் எடுக்க மறுக்கிறவர்களும் உண்டு என்று அவர் வருத்தமில்லாமல் சொன்னார். கேட்ட எனக்கு வருத்தமாக இருந்தது. அந்தப் பார்வைக்குத்தான் கூலி தர வேண்டும். பலகையை யார் வேண்டுமானாலும் அறுக்கலாம். இந்த வீட்டுக்கார அம்மா அந்த நாளையும் சேர்த்தே கொடுத்தார். ஆசாரியின் மகன் இந்த வேலைக்கு வரவில்லை, திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்.

கோழி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் குஞ்சு வாங்கிவிட்டு, பிறகு கூட்டைப் பற்றி யோசிக்கிறார்கள். தயவுசெய்து மாற்றிச் செய்யுங்கள். உங்கள் ஊரின் காற்றும் மழையும் தெரிந்த ஒரு தச்சரைத் தேடிக் கண்டுபிடித்து, அவர் கேட்கும் கூலியைக் கொடுத்து, கூட்டைக் கட்டி முடித்து, தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்த பிறகு குஞ்சு வாங்கப் போங்கள்.