நிற்குமிடம் அறிந்து திரும்புதல்

அமிதாவுக்கு முன்னால் நான் செய்யும் முதல் வேலை, எங்கே நிற்கிறேன் என்று தெரிந்துகொள்வது. பிரார்த்தனைப் புத்தகத்தைத் திறப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். யூதர்கள் காலை, பிற்பகல், இரவு என்று மூன்று வேளையும் நின்றபடி மெல்லிய குரலில் சொல்லும் பிரார்த்தனை அமிதா. அதை எருசலேமை நோக்கி நின்று சொல்ல வேண்டும். மூன்று அடி பின்னே போய், மூன்று அடி முன்னே வந்து, பாதங்களை ஒட்டிவைத்துத் தொடங்கினால் முடியும்வரை கால் நகரக் கூடாது. பாதி வழியில் சந்தேகம் வந்தால் பாதங்களைத் திருப்ப வாய்ப்பில்லை. ஆகவே திசை முன்கூட்டியே தீர்ந்திருக்க வேண்டும்.

யூதர்கள் கிழக்கு நோக்கிப் பிரார்த்திப்பவர்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஐரோப்பாவை வைத்துச் சொன்ன பேச்சு அது. போலந்திலும் ஜெர்மனியிலும் வீடுகளின் கிழக்குச் சுவரில் 'மிஸ்ராக்' மாட்டும் வழக்கம் இருந்தது. காகிதத்தை நுணுக்கமாகக் கத்தரித்துச் சிங்கமும் மானும் கொடியுமாகச் செய்த திசைப்படம் அது. கொச்சிக்கு வந்தால் கதை மாறிவிடும். 1568இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயத்தில் தோரா சுருள்கள் இருக்கும் பேழை மேற்குப் பக்கம் நிற்கிறது. யூப்ரடீஸ் கரையில் துரா யூரோபோஸ் நகரத்து ஜெப ஆலயத்தில், கி.பி. 245 வாக்கில், தோராவுக்கான மாடத்தை மேற்குச் சுவரில்தான் வைத்தார்கள். எருசலேமுக்கு வடக்கே, பெத் அல்பாவின் பழைய ஜெப ஆலயத்தில் அந்த மாடம் தெற்கே பார்க்கிறது. எருசலேமுக்குத் தெற்கேயுள்ள பெயெர்செபாவில் இன்று பிரார்த்திப்பவர் வடக்கே திரும்புகிறார். இவர்கள் எல்லோரும் கடைப்பிடிப்பது ஒரே விதி.

அந்த விதியின் வேர் வேதாகமத்திலேயே இருக்கிறது. எருசலேம் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்த நாளில், போருக்குப் போனவர்களும் சிறைப்பட்டுப் போனவர்களும் இந்த நகரத்தையும் இந்த வீட்டையும் நோக்கி வேண்டினால் கேட்டருள வேண்டும் என்று சாலொமோன் மன்றாடினான். பாபிலோனில் தானியேல், எருசலேமை நோக்கிய பலகணிகள் திறந்திருக்க, நாளுக்கு மூன்று வேளை முழங்காலிட்டான். யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூத் இதைப் படிப்படியாக வகுக்கிறது: தேசத்துக்கு வெளியே இருப்பவருக்கு இஸ்ரவேல் தேசம், தேசத்துக்குள் இருப்பவருக்கு எருசலேம், நகரத்துக்குள் இருப்பவருக்கு ஆலயம், ஆலயத்துக்குள் நிற்பவருக்கு அதன் உள்ளறையான மகா பரிசுத்த ஸ்தலம். நெருங்க நெருங்க இலக்கு சிறுத்துக்கொண்டே போகும், ஆனால் திரும்பும் கடமை தீராது. எருசலேமில் ஆலய மலையின் மேற்குச் சுவருக்கு முன்னால் நின்றாலும் அப்படித்தான். அது ஏரோது மன்னன் கட்டிய மலைமேடையின் தாங்குசுவர். பரிசுத்த ஸ்தலம் இருந்ததாகக் கருதப்படும் இடம் அதற்கு நேர் எதிரே இல்லை, வடகிழக்கில் இருக்கிறது. அதனால் அங்கே நிற்பவர்களிலும் சிலர் முகத்தைச் சற்று இடப்பக்கம் சாய்த்துக்கொள்கிறார்கள்.

புதிய ஊரில் ஓர் அறைக்குள் நுழைந்தால் என் வேலை இப்படிப் போகும். முதலில் வரைபடத்தில் ஊரைப் பார்ப்பேன். பிறகு செல்போன் திசைகாட்டியை இரும்பு பீரோவுக்கும் இரும்புக் கட்டிலுக்கும் எட்டத் தள்ளிவைத்துப் பார்ப்பேன், பக்கத்தில் இரும்பு இருந்தால் முள் பொய் சொல்லும். வெள்ளிக்கிழமை என்றால் இதைச் சூரியன் மறைவதற்குள் முடித்தாக வேண்டும். ஓய்வுநாளில் செல்போனைத் தொட முடியாது. எந்தச் சுவர், அதில் எந்த மூலை என்று மனத்தில் குறித்துக்கொள்வேன். அந்தப் பக்கம் கண்ணாடி மாட்டியிருந்தால் அதற்கு நேரே நிற்க மாட்டேன், தன் உருவத்துக்கே தலைவணங்குவதுபோல் ஆகிவிடும். சுவருக்கும் எனக்கும் நடுவே கிடக்கும் நாற்காலியையும் பெட்டியையும் நகர்த்துவேன். ஜன்னல் இருந்தால் இன்னும் நல்லது. ஜன்னல் இல்லாத வீட்டில் பிரார்த்திக்க வேண்டாம் என்று தல்மூத் சொல்வதற்குத் தானியேலின் பலகணிதான் ஆதாரம்.

எவ்வளவு துல்லியம் போதும் என்ற கேள்வி உடனே எழும். நியூயார்க்கில் தட்டையான வரைபடத்தை விரித்துப் பார்த்தால் எருசலேம் கிழக்கே, ஒரு சிறிது தெற்கே சாய்ந்து இருக்கும். உருண்டையில் நூல் பிடித்துப் பார்த்தால் மிகக் குறுகிய வழி வடகிழக்கில் புறப்படும். இரண்டுக்கும் இடையே 40 பாகைக்கு மேல் வித்தியாசம். இரண்டு பக்கமும் வாதங்கள் உண்டு, ஆனால் அங்கே ஜெப ஆலயங்கள் பெரும்பாலும் கிழக்கைத்தான் பிடித்திருக்கின்றன. ஒரு சபையோடு சேர்ந்து பிரார்த்திக்கும்போது என் கணக்கைத் தனியே நிறுத்தி, பத்துப் பேர் பார்க்கும் பக்கத்துக்கு முதுகு காட்டி நிற்க எனக்கு மனம் வருவதில்லை.

யோசேப் காரோவின் 'ஷுல்ஹான் அருக்', 1565இல் வெனிஸில் முதலில் அச்சேறிய சட்ட நூல், இதற்கு ஒரு வழி காட்டுகிறது. உடல் வேறு பக்கம் நிற்க நேர்ந்தால் முகத்தையாவது எருசலேம் பக்கம் சாய்த்துக்கொள்ளலாம். கொச்சியிலிருந்து எருசலேம் நேர் மேற்கில் இல்லை, வடக்கே நன்றாகச் சாய்ந்திருக்கிறது. பேழையை நோக்கிச் சபையோடு நின்று, முகத்தை வலப்பக்கம் கொஞ்சம் திருப்பினால் இரண்டுக்கும் மரியாதை செய்ததாகும். கிராகோவில் வாழ்ந்த மோசே இஸ்ஸர்லெஸ், பேழையைச் சூரியோதயத்துக்கு நேராக வைக்காமல் தெற்குப் பக்கமாகச் சற்று ஒதுக்கச் சொன்னார். சூரியனை வணங்குவதாகத் தோன்றக் கூடாது என்பது அவர் கவலை. கிராகோவிலிருந்து எருசலேம் தென்கிழக்கில்தான் இருக்கிறது என்பதால், அந்தச் சாய்வு நிலவியலுக்கும் பொருந்தி வந்தது.

பயணத்தில் இன்னொரு பாடம் உண்டு. கழுதைமேல் போகிறவன் இறங்கி நிற்கட்டும், முடியாவிட்டால் முகத்தைத் திருப்பட்டும், அதுவும் முடியாவிட்டால் உள்ளத்தை மகா பரிசுத்த ஸ்தலத்தை நோக்கிச் செலுத்தட்டும் என்று தல்மூதுக்கு அடிப்படையான சட்டத் தொகுப்பு மிஷ்னா மூன்று படி வைக்கிறது. பிற்காலச் சட்டம் இன்னும் இரங்கி வருகிறது. இறங்கினால் கழுதை என்ன ஆகுமோ, வழி தாமதமாகுமோ என்று மனம் அலையும் என்பதால், அவன் ஏறி உட்கார்ந்தபடியே பிரார்த்திக்கலாம். இந்தத் தீர்ப்பை நான் ரயிலில் மிகவும் மதிக்கிறேன். தண்டவாளம் வளையும்போதெல்லாம் நானும் வளைந்து திரும்பினால், வாய் சொல்லும் வார்த்தையில் மனம் நிற்காது. தொடங்கும்போது ஒருமுறை திரும்பி நிற்பேன், பிறகு ரயில் எப்படிப் போனாலும் சரி என்று விட்டுவிடுவேன். பார்வையற்றவரும் திசை அறிய முடியாதவரும் பரலோகத்திலுள்ள தந்தையை நோக்கி உள்ளத்தைச் செலுத்தினால் போதும் என்றும் தல்மூத் சொல்கிறது.

உள்ளமே போதுமென்றால் உடலைத் திருப்புவது எதற்கு என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. முடியாதவருக்குத்தான் உள்ளம் மட்டும் போதும். முடிந்தவர் உடலைத் திருப்பும்போது உள்ளமும் கூடவே திரும்புகிறது, இதை நான் தினமும் காண்கிறேன். ஊரைப் பார்த்து, சுவரைத் தேடி, நாற்காலியை நகர்த்தும் அந்தச் சில நிமிடங்களில் கடைவீதிப் பேச்சும் அலுவலகக் கவலையும் என்னைவிட்டு விலகத் தொடங்கும். பாதங்கள் ஒட்டும்போது நான் பாதி ஆயத்தம்.

இன்னொன்றும் நடக்கிறது. பெயெர்செபாக்காரர் வடக்கே பார்க்கிறார், எருசலேமுக்கு வடக்கேயுள்ள கலிலேயாக்காரர் தெற்கே பார்க்கிறார். அப்படியானால் இருவரும் எதிரெதிரே நிற்கிறார்கள். கொச்சியின் பேழையும் கிராகோவின் பேழையும் ஒரே இடத்தைச் சுற்றிய வட்டத்தில் இருக்கின்றன. தனியே ஓர் அறையில் அமிதா சொல்லும்போதும் நான் அந்த வட்டத்தில் ஒரு புள்ளி. என் திசை வேறொருவருக்குப் பொருந்தாது, அவருடையது எனக்குப் பொருந்தாது. அவரவர் இடத்திலிருந்து கண்டுபிடித்தால்தான் எல்லோரும் ஓரிடத்தில் சந்திக்க முடியும்.

ஆகவே, பிரார்த்திக்கக் கற்க வருகிறவர்களிடம் கிழக்கு எது, மேற்கு எது என்று நான் தொடங்குவதில்லை. இப்போது எந்த ஊரில் நிற்கிறாய் என்று கேட்கிறேன். அதற்குப் பதில் தெரிந்தவன் எருசலேம் பக்கம் திரும்பிவிடுவான்.