தேறாதவன் சொல்லும் யோசனை

போன மாதம் மதியச் சாப்பாட்டு நேரத்தில், எங்கள் வங்கிக் கிளையில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் டிபன் பாக்ஸோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தயங்கினார். "சார், டெரிட்டோரியல் ஆர்மிக்கு அப்ளை பண்ணப் போறேன். நீங்க ரெண்டு தடவை போயிட்டு வந்தவர்னு சொன்னாங்க. தேறணும்னா என்ன பண்ணணும்?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு தடவை போனது உண்மை. இரண்டு தடவையும் வெறுங்கையோடு திரும்பியதும் உண்மை. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறார் என்று பட்டது. தேறியவருக்குத் தான் எதனால் தேறினோம் என்பது பெரும்பாலும் தெரிவதில்லை. சறுக்கியவனுக்குச் சறுக்கிய இடம் வருஷக்கணக்கில் உறுத்திக்கொண்டே இருக்கும்.

பலருக்கு டெரிட்டோரியல் ஆர்மி என்றால் கபில் தேவும் தோனியும் சீருடையில் நிற்கும் புகைப்படம்தான் நினைவுக்கு வரும். 2008-ல் கபிலுக்கும் 2011-ல் தோனிக்கும் கொடுக்கப்பட்டது கௌரவப் பதவி. நான் சொல்வது வேறு. இந்தப் பிராந்திய ராணுவத்துக்கான சட்டம் 1948-ல் வந்தது. 1949 அக்டோபர் 9-ம் தேதி அதைத் தொடங்கி வைத்தவர் அப்போதைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. வேலையையோ தொழிலையோ விட்டுவிடாமல், வருஷத்தில் இரண்டு மாதம் பயிற்சிக்குப் போய், நாடு கூப்பிட்டால் முழு நேரமாகச் சீருடை போட வேண்டும் என்பது ஏற்பாடு. 1962, 1965, 1971 போர்களில் இவர்களைக் கூப்பிட்டார்கள். அதிகாரியாக வேண்டுமானால் 18-லிருந்து 42-க்குள் வயது, ஒரு பட்டம், சம்பாதிக்கும் வேலை ஆகிய மூன்றும் வேண்டும். பிறகு எழுத்துத் தேர்வு, முதல்கட்ட நேர்காணல், ஐந்து நாள் தேர்வு வாரியம், மருத்துவப் பரிசோதனை. மத்திய மந்திரியாக இருந்தபோது 2012-ல் அதிகாரியான சச்சின் பைலட்டும் தேர்வெழுதி உள்ளே போனவர்தான். 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பெண்களுக்கும் கதவு திறந்தது.

எனக்கு இந்த ஆசை வந்தது வங்கி கவுன்டரில். செகந்திராபாத்தில் கன்டோன்மென்ட் பக்கத்துக் கிளை எங்களுடையது. மாதத்தின் முதல் வாரம் முழுக்க பென்ஷன் வாங்க வரும் பழைய சிப்பாய்களின் வரிசை. எழுபது வயதிலும் முதுகு வளையாமல் நிற்பார்கள். பெயரைக் கூப்பிட்டால் ஒரு அடி முன்னால் வைத்துப் பதில் சொல்வார்கள். பதினைந்து வருஷம் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து அவர்களுக்குப் பணம் எண்ணிக் கொடுத்தவனுக்கு, ஒரு தடவையாவது அந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. 2016-ல் விண்ணப்பித்தேன். வயது 38.

எழுத்துத் தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தர்க்கம், அடிப்படைக் கணக்கு, பொது அறிவு, ஆங்கிலம். தப்புக்கு மார்க் குறையும் என்பதால் தெரியாததை விட்டுவிடத் தெரிய வேண்டும். வங்கித் தேர்வு எழுதி வந்தவர்களுக்கு நான்கு மாதம் ஒழுங்காக உட்கார்ந்தால் போதும். புனேயில் நடந்த முதல்கட்ட நேர்காணலையும் தாண்டினேன். தாண்டியதும் ஒரு முட்டாள்தனம் செய்தேன். இரண்டு வாரப் பயிற்சி வகுப்பு ஒன்றில் சேர்ந்து, 'அதிகாரி மாதிரி' நடிக்கக் கற்றுக்கொண்டேன்.

பெங்களூர் தேர்வு வாரியத்தில் மார்பில் எண் கட்டிவிடுவார்கள். அங்கே ஐந்து நாளும் உங்கள் பெயர் அந்த எண்தான். முதல் நாளே ஒரு சல்லடை உண்டு. அதில் நிற்காதவர்கள் அன்றைக்கே ஊருக்கு ரயில் ஏறிவிடுவார்கள். இரண்டாம் நாள் மனோதத்துவச் சோதனை. மங்கலான படம் ஒன்றை 30 வினாடி காட்டுவார்கள். 4 நிமிஷத்தில் அதற்கு ஒரு கதை எழுத வேண்டும். இப்படிப் பதினொரு படம், கடைசியில் ஒரு வெற்றுத் திரை. அடுத்து 60 வார்த்தைகள். ஒவ்வொன்றுக்கும் 15 வினாடிக்குள் மனதில் வருவதை எழுத வேண்டும். அதற்கடுத்து 60 இக்கட்டான சூழ்நிலைகள், அரை மணி நேரம்.

வகுப்பில் சொல்லிக் கொடுத்தபடி எழுதினேன். என் கதைகளில் எல்லோரும் வீரர்கள். கிராமத்துக்குப் பாலம் கட்டினார்கள், தீவிரவாதியைப் பிடித்தார்கள், ஆற்றில் விழுந்த குழந்தையைக் காப்பாற்றினார்கள். மைதானத்தில் நேர்மாறு. பலகை, கயிறு, காலி டிரம் மூன்றையும் வைத்துக் குழுவாகத் தடையைத் தாண்ட வேண்டும். முதலில் பேசு, அதிகமாகப் பேசு என்று பாடம் படித்திருந்த நான் கத்திக்கொண்டிருந்தேன். பலகையைத் தூக்கியவர் இன்னொருவர்.

நேர்காணலில்தான் மாட்டிக்கொண்டேன். குடும்பத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்த அதிகாரி, "உங்கள் மனைவி இதற்கு என்ன சொன்னார்?" என்றார்.

"மிகவும் பெருமைப்பட்டார், சார்."

"சரி. அவர் என்ன சொன்னார்? அவருடைய வார்த்தையிலேயே சொல்லுங்கள்."

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. ஏனென்றால் அவள் எதுவும் சொல்லவில்லை. அவளுக்கு விஷயமே தெரியாது. வங்கிப் பயிற்சிக்காகப் பெங்களூர் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். தேறிய பிறகு சொல்லலாம், தேறாவிட்டால் சொல்லவே வேண்டாம் என்பது என் கணக்கு. அந்த அதிகாரி கோபப்படவில்லை. தண்ணீர் டம்ளரை என் பக்கம் தள்ளிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். ஐந்தாம் நாள் தேறியவர்களின் எண்களை வாசித்தார்கள். என் எண் இல்லை.

காரணம் சொல்லும் வழக்கம் அங்கே கிடையாது. ஆனால் அந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் காரணம் தானாகப் புரியும். மூன்று பேர் உங்களைப் பார்க்கிறார்கள். எழுதியதை ஒருவர் படிக்கிறார், பேசுவதை ஒருவர் கேட்கிறார், செய்வதை ஒருவர் மைதானத்தில் நின்று கவனிக்கிறார். தனித்தனியாக மதிப்பிட்டு, கடைசி நாள் ஒன்றாக உட்கார்கிறார்கள். மனம், வாக்கு, காயம் என்று நம் பெரியவர்கள் சொன்ன அதே மூன்றுதான். மூன்றும் ஒரே ஆளைக் காட்டுகின்றனவா என்பதுதான் கேள்வி. என் கதைகளில் ஒரு வீரன், மைதானத்தில் ஒரு வாய்ச்சொல் ஆசாமி, நேர்காணலில் ஒரு பொய்யன் இருந்தார்கள். ஒரு சீருடையை மூன்று பேருக்கு எப்படிக் கொடுப்பார்கள்?

ஊருக்குத் திரும்பிய ராத்திரி மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ராணுவத்துக்குப் போக நினைத்ததற்காக அவள் சண்டை போடவில்லை. "போறது தப்பில்லீங்க. பெங்களூர்ல டிரெயினிங்னு என்கிட்ட சொன்னீங்க பாருங்க, அதைத்தான் தாங்க முடியல" என்றாள். பல நாள் சரியாகப் பேசவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளே ஒரு நோட்டை எடுத்து வந்து முன்னால் போட்டாள். "நிஜமாவே கூப்பிட்டாங்கன்னா? ரெண்டு மாசம் இல்ல, ரெண்டு வருஷம்னா? எழுதுங்க."

வீட்டுக் கடன் தவணை. சர்க்கரை வியாதிக்கார அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது. பெண்ணின் பத்தாம் வகுப்பு. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் எந்தக் காகிதம் எந்த பீரோவில் இருக்கிறது என்பது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர் எழுத வேண்டியிருந்தது. பக்கத்துத் தெருவில் இருக்கும் என் தங்கையிடம் பேசினோம். அழைக்கப்பட்டுப் போனவரைத் திரும்ப வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் இருப்பதைக் கிளை மேலாளரிடம் காட்டி, ஆட்சேபணை இல்லை என்று எழுத்தில் வாங்கினேன். அந்த நோட்டு நிரம்ப ஆறு மாதம் ஆயிற்று. அது தேர்வுக்கான தயாரிப்பு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இப்போது, அது ஒன்றுதான் உண்மையான தயாரிப்பு என்று நினைக்கிறேன். இருபது வயதுப் பையன் தன்னை மட்டும் கொண்டு போனால் போதும். பகுதி நேரமாகச் சீருடை போடுகிறவன் ஒரு குடும்பத்தையும் ஒரு ஆபீஸையும் சேர்த்துத்தான் கொண்டு போகிறான்.

2019-ல் மறுபடி போனேன். 41 வயது. இந்தத் தடவை வகுப்புக்குப் போகவில்லை. விடிகாலையில் ஓடினேன், தினம் பேப்பர் படித்தேன், அவ்வளவுதான். கதை எழுதச் சொன்னபோது எனக்குத் தெரிந்த மனிதர்களை எழுதினேன். கணவரின் பென்ஷன் காகிதம் தொலைந்துபோன அம்மாளும், அதைத் தேடிக் கொடுத்த குமாஸ்தாவும் கதையில் வந்தார்கள். பாலம் எதுவும் கட்டவில்லை. தனி ஆளாகத் தாண்ட வேண்டிய பத்துத் தடைகளில், கொடுத்த 3 நிமிஷத்தில் ஆறுதான் முடித்தேன். குழு வேலையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யோசனை இருந்தபோது பேசினேன், இல்லாதபோது பலகை தூக்கினேன். நேர்காணலில் அதே கேள்வி வேறு உருவத்தில் வந்தது. "பயப்படுகிறாள், சார். அம்மாவை யார் பார்ப்பார் என்று கேட்டாள். என் தங்கை பார்ப்பாள் என்று முடிவு செய்திருக்கிறோம்" என்றேன். அந்த அதிகாரி தலையை மட்டும் ஆட்டினார்.

ஐந்தாம் நாள் என் எண்ணை வாசித்தார்கள்.

இந்த இடத்தோடு கட்டுரையை முடித்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். மருத்துவப் பரிசோதனை பாக்கி இருந்தது. காது டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார், மறுபடி பார்த்தார். இடது செவிப்பறையில் சிறு ஓட்டை. சின்ன வயதில் காதில் சீழ் வடிந்தது நினைவுக்கு வந்தது. தலைக்குக் குளிக்கும்போது பஞ்சு வைத்துக்கொள்வது எனக்குப் பழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. அதை ஒரு குறையாக நான் நினைத்ததே இல்லை. தகுதியில்லை என்று எழுதினார்கள். பின்னால் அறுவைச் சிகிச்சை செய்து ஓட்டையை அடைத்தேன். அதற்குள் 2020-ம் கொரோனாவும் வந்து, வயது வரம்பும் என்னைக் கடந்து போய்விட்டது. மனைவியிடம் மறைத்தது முதல் தடவை வீழ்த்தியது. என்னிடமே நான் மறைத்துக்கொண்டது இரண்டாம் தடவை.

அதனால்தான் அந்த இளைஞரிடம் நான் முதலில் கேட்டது, "காது, கண், பல், ரத்த அழுத்தம் எல்லாம் டாக்டரிடம் காட்டினீர்களா?" என்பது. விண்ணப்பத்துக்கு முன்னாலேயே செய்துகொண்டால், சரிசெய்யக் கூடியதைச் சரிசெய்ய நேரம் இருக்கும். இரண்டாவதாகக் கேட்டது, "வீட்டில் சொல்லியாகிவிட்டதா?" அவர் சிரித்து மழுப்பினார். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு. புத்தகம், வகுப்பு எல்லாம் அப்புறம் பார்க்கலாம், முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

2025 மே மாதம், பிராந்திய ராணுவத்தைக் கூப்பிட ராணுவத் தளபதிக்கு அதிகாரம் கொடுத்து மத்திய அரசு உத்தரவு வெளியிட்டது. 32 காலாட்படைப் பட்டாலியன்களில் 14-ஐ அழைக்க அனுமதி என்று பேப்பரில் போட்டிருந்தது. காலைக் காப்பியோடு அதைப் படித்துக்கொண்டிருந்தேன். மனைவி தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் அந்தப் பழைய நோட்டை எடுத்து வந்து மேஜையில் வைத்தாள்.

"அம்மா பேரு இருக்கற பக்கத்தைக் கிழிச்சுடலாம். அவங்கதான் போயிட்டாங்களே. மத்தது எல்லாம் அப்படியே இருக்கு" என்றாள்.

கிழிக்கவில்லை. அப்படியே பீரோவில் வைத்துவிட்டோம்.